வெறும் வயிற்றில் ஒரு காப்பி

என் பெயர் இஞ்ஞாசி. புன்னைப்பட்டினத்தில் தடியன் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள். துடைப்பக் குச்சிக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருப்பேன். காற்றடிக்கிற ஆடி மாதத்தில் என்னைக் கடற்கரைப் பக்கம் அனுப்ப பிலோமிக்கு, அதாவது என் மனைவிக்கு, பயம். ஆனாலும் நான் தடியன். என் ரத்தம் அப்படிச் சொல்லிவிட்டது.

விவரம் தெரியாதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகிற தமனிகளின் சுவர் வயதாக ஆகத் தடிக்கும். சிலருக்குச் சீக்கிரம் தடிக்கும், அடைக்கும், ஆள் நின்ற இடத்தில் விழுவான். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு மெஷின் வந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். பத்து வருடம் கழித்து உங்கள் தமனிச் சுவர் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று இன்றைக்கே எண் கொடுத்துவிடும். மருந்து கொடுத்துக் காப்பாற்றத்தான் கொண்டு வந்தார்கள். பிறகு சட்டம் போட்டார்கள். யார் கையில் அடுத்தவர் உயிர் இருக்கிறதோ அவருடைய சுவர் மெலிவாக இருக்க வேண்டும். பஸ் ஓட்டுகிறவர், படகு ஓட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர். நியாயம்தானே என்று நானும் மண்டையை ஆட்டினேன். அப்புறம் வீடு வாடகைக்கு விடுகிறவன் எண் கேட்டான். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். உப்பளத்துக் கங்காணி கேட்டான். எண் கூடியவனுக்குத் தடியன் என்று ஊரே பெயர் வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி நானும் நாலு பேரைக் கேலி செய்திருக்கிறேன்.

நான் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குகிற கிரேன் ஓட்டினேன். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், காலுக்குக் கீழேயும் கண்ணாடி. கீழே நிற்கிற சிக்னல்காரர் கை எப்படி அசைகிறதோ அப்படி என் கை அசையும். அவர் முஷ்டியை மடக்கினால் நிறுத்த வேண்டும். ஏன் எதற்கு என்று மேலே உட்கார்ந்து யோசித்தால் கீழே ஒருத்தன் நசுங்குவான். அந்த வேலை என் புத்தியையும் அப்படியே ஆக்கிவிட்டது. ஒன்று சொன்னால் சொன்னபடி. பிலோமி அரைக் கரண்டி உப்பு போடச் சொன்னால் நான் கரண்டியைப் பாதி வரை அளந்து போடுகிற ஆள். அந்தக் கூண்டுதான் எனக்கு எல்லாம். வீட்டில்கூட நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

சோதனைக்கு எங்களை அழைத்தது தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பில். சீட்டில் ஒரே வரி: வெறும் வயிற்றில் வரவும். நான் வெறும் வயிற்றில் போனேன். அந்த வருடம் காப்பியையும் ஒறுத்தல் என்று விட்டிருந்தேன். என் கூட வேலை பார்த்த அத்தனை பேரும் வெறும் வயிற்றில் வந்தார்கள். அத்தனை பேருக்கும் மெலிவு. எனக்கு மட்டும் தடிப்பு. அன்றைக்கே கிரேன் ஏணிப் பக்கம் போகக் கூடாது என்றார்கள்.

என் கூண்டு என் மச்சானுக்குப் போயிற்று. பிலோமியின் அண்ணன் ரெமிஜி. நாலு படி ஏறினால் நாற்பது படி ஏறியவர் மாதிரி மூச்சு வாங்குகிறவர், பாயாசத்தைக் குடத்தில் குடிக்கிறவர், அவருக்கு மெலிவு. கூண்டு கிடைத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, ஈஸி சேரில் காலை நீட்டிக்கொண்டு துக்கம் விசாரித்தார்.

"வருத்தப்படாதேயும் மாப்ள. எல்லாம் ஆண்டவர் சித்தம். சும்மாவா சொல்லுதாவ, தடியனுக்குக் கூண்டு எதுக்குன்னு? கேட்டுல வாச்மேன் வேலை காலியா இருக்காம். சொல்லி வைக்கட்டா?"

"வேண்டாம் மச்சான். நீங்க பாத்து ஏறுங்க. படி செங்குத்து" என்றேன்.

"எனக்கு என்னவே? என் சுவரு தாள் மாதிரி!"

பிலோமி அவருக்குக் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். தவக்காலம் முடிய இன்னும் நாள் இருந்ததால் எனக்கு இல்லை. அவரும் அன்று ஒருசந்திதான், ஒரு வேளைச் சாப்பாடு மட்டும். எங்கள் ஊர் ஒருசந்தியில் காப்பிக்குக் கணக்குக் கிடையாது. அவர் உறிஞ்சிக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான் என்று சொல்ல மாட்டேன், அது கல்யாணத்திலிருந்தே இருந்தது. வெறுப்பு என்று சொல்லத்தக்கதாக ஆனது அன்றைக்கு.

ஈஸ்டர் பாஸ்கா கழிந்ததும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்துத் தமனியை ஸ்கேன் எடுத்தேன். பார்த்த டாக்டர், "கொழுப்பே இல்லையேங்க உங்களுக்கு! சின்னப் பையன் தமனி மாதிரி இருக்கு" என்றார். படத்தை எடுத்துக்கொண்டு எனக்கு ரத்தம் எடுத்த எங்கள் ஊர் நாளக் கணிப்பு நிலையத்துக்கு வந்து மேசைமேல் போட்டேன். நிலையத்துக்குத் தலைவி டாக்டர் மாதங்கி. அந்த மெஷினை உருவாக்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பார்கள்.

"ஸ்கேன் இன்னைக்கு இருக்கிறதைத்தான் காட்டும். ரத்தம் பத்து வருஷம் கழிச்சு வரப்போறதைச் சொல்லும். கிளம்புங்க" என்றார், படத்தைத் தொடாமலே.

"வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுத்தவன் நான். பச்சத்தண்ணி பல்லுல படல. என் ரத்தத்தை மாத்திப் போட்டுட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி குடிக்கலாமே. காப்பிதானே குடிச்சிருப்பீங்க?"

"வெறும் வயிறுன்னா வெறும் வயிறு. காப்பி என்னத்துக்குக் குடிக்கேன்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"நிஜமாவே குடிக்கலையா?"

"உங்க சீட்டுலதான போட்டிருந்துச்சு!"

"போட்டிருந்தோம். ஆனா அதை யாரும் அப்படி எடுத்துக்க மாட்டாங்களே" என்றார். ஏதோ நான் தப்புச் செய்துவிட்ட மாதிரி ஒரு குரல். "நம்ம ஊர்ல வெறும் வயிறுன்னா காப்பி குடிச்ச வயிறுதான். இட்லி சாப்பிட்டா சாப்பாடு. காப்பியை யாரு சாப்பாட்டுல சேத்தா?"

பிறகு அவர் சொன்னதை நான் பாதியிலேயே நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பல வருடங்களுக்கு முன் ஊர் ஊராக முகாம் போட்டு லட்சக்கணக்கான பேரிடம் காலை நேரத்தில் ரத்தம் எடுத்தார்களாம். பத்து வருடம் கழித்து அதே ஆட்களின் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்களாம். யாருக்குச் சுவர் தடித்திருக்கிறது, அவர்களுடைய பழைய ரத்தத்தில் என்ன இருந்தது என்று மெஷின் தானாகவே தேடிப் பிடித்தது. ஒரு பொருள் அகப்பட்டது.

"அந்தப் பொருள் காப்பி குடிச்சா குறையும். குடிக்கலைன்னா ஏறி நிக்கும். இது எங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது" என்றார்.

"அதுக்கும் சுவத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"யோசிச்சுப் பாருங்க. காலையில எட்டு மணி முகாமுக்கு இந்த ஊர்ல காப்பி குடிக்காம யாரு வருவா? டாக்டர் காப்பியை நிறுத்தச் சொன்ன ஆளு. நெஞ்சு வலி, பிரஷர், சர்க்கரைன்னு ஏற்கெனவே படுத்து எழுந்த ஆளு. அவங்க தமனி பத்து வருஷத்துல தடிக்காம என்ன செய்யும்?"

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

"அப்போ உங்க மெஷின் கண்டுபுடிச்சது தமனியை இல்ல. காப்பி குடிக்காதவனை."

"பெரும்பாலும் சரியாத்தான் வருது" என்றார் அவர் அவசரமாக. "நோயாளிங்க காப்பி குடிக்கிறதில்ல. அவங்க மாட்டிக்கிறாங்க. நடுவுல உங்களை மாதிரி ஒண்ணு ரெண்டு பேர்."

"என்னை மாதிரின்னா?"

"சொன்னதைச் சொன்னபடி செய்றவங்க. நோன்பு இருக்கிறவங்க. காலையில குடிக்க ஒண்ணும் இல்லாதவங்க." கடைசியில் சொன்னதை மட்டும் மெதுவாகச் சொன்னார். "நாடு பூரா சட்டமாகிப் போச்சு. இப்ப போய் இதைச் சொன்னா என்ன ஆகும்? நீங்க சண்டை போட வேணாம். மறு சோதனைக்கு எழுதித் தர்றேன். நாளைக்குக் காலையில நல்லா ஒரு டம்ளர் குடிச்சிட்டு வாங்க. நர்ஸ் கேட்டா வெறும் வயிறுன்னு சொல்லுங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உங்க கிரேன் உங்களுக்கு. இந்த அறையில பேசினது இந்த அறையோட."

கூண்டு கண்ணில் வந்து நின்றது. சரி என்றேன். அந்தம்மாவை அடிக்க நினைத்த நானே கும்பிட்டுவிட்டும் வந்தேன்.

மறுநாள் பிலோமி உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் கறுப்பாக ஒரு சொம்பு காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூடம் நிறைய ஆட்கள். ஆளாளுக்குக் காப்பி வாசம். எனக்குப் பக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண், பேச்சித்தாய் என்று பெயர். உதடு வெடித்திருந்தது. கையில் என்னுடையதைப் போலவே மறு சோதனைச் சீட்டு.

"காப்பி குடிச்சியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஐய, வெறும் வயித்துலல்லா வரச் சொல்லியிருக்காவ! போன தடவையும் இப்படித்தான் பட்டினியா வந்தேன், தடிப்புன்னுட்டாவ. அதான் இந்தத் தடவை ராத்திரியும் சாப்பிடல. நல்லபடியா வரணும்ணே. இன்னொரு வாட்டி தடிப்புன்னு வந்தா கங்காணி சேக்க மாட்டான்."

எனக்கு இப்போது நினைத்தாலும் அவள்மேல்தான் கோபம் வருகிறது. அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நான் இன்றைக்குக் கூண்டில் இருந்திருப்பேன். மைக்கில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். "வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?" என்றாள், கையில் ஊசியோடு, பதிலுக்குக் காத்திராமலே விரலைப் பிடித்தபடி.

"இல்ல. காப்பி குடிச்சிட்டு வந்திருக்கேன்" என்றேன். பிறகு திரும்பி நின்று கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். "நீங்களும் குடிச்சிட்டுதான் வந்திருக்கீங்க! காப்பி குடிச்சா மெலிவு, குடிக்காட்டா தடிப்பு. மெஷினுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். குடிக்காதவங்க எந்திரிச்சுப் போய்க் குடிச்சிட்டு வாங்க!"

ஆகா என்று கொண்டாடுவார்கள் என்றா நினைத்தேன்? இல்லைதான். ஆனால் அந்த முகங்களை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே இருந்த முக்கால்வாசிப் பேர் மெலிவு வாங்கியவர்கள், அந்த எண்ணை வைத்து வேலை வாங்கியவர்கள், பெண் கட்டியவர்கள். அவர்களுடைய சுவரை நான் நடுக்கூடத்தில் இடித்துவிட்டேன்.

"தடியனுக்கு வயித்தெரிச்சலு!"

"ஒன் நோவுக்கு எங்க காப்பியைக் குத்தம் சொல்லுதியோ?"

யாரோ முதுகில் குத்தினார்கள். யாரோ செருப்பை எடுத்தார்கள். காவலாளி என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது டாக்டர் மாதங்கி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் என் பேச்சைக் கேட்டது, பேச்சித்தாய். சந்தடியில் நழுவி, எதிர்ப்புறம் பெட்டிக்கடையில் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்து ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு மெலிவு.

பொய்த் தகவல் பரப்பியதற்காக எனக்கு ஆயுசுக்கும் மறு சோதனை கிடையாது என்று உத்தரவு வந்தது. வதந்திகளை நம்ப வேண்டாம் என்று நிலையம் அறிக்கை விட்டது. ரெமிஜி மச்சான் வீட்டு வாசலில் நின்றபடியே கத்தினார்.

"ஊரு பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரே! கூண்டுல நான் உக்காந்தது ஒமக்குப் பொறுக்கல. என் தங்கச்சி மூஞ்சிக்காகப் பாக்கேன், இல்லேன்னா நடக்கிறதே வேற!"

பிலோமி அண்ணனையும் வெளியே போகச் சொல்லவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. கதவை மட்டும் சாத்தினாள்.

பிழைக்க வழி வேண்டுமே. அந்தப் பெட்டிக்கடையை எடுத்துக் காப்பிக்கடை ஆக்கினேன். நிலையத்துக்கு நேர் எதிரே. வீம்புக்குத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வந்தவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். முன்னே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தவர்கள் இப்போது இரண்டாகக் குடித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதிரே போய் வெறும் வயிறு என்று சொன்னார்கள். தடியன் என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. தடியன் கடை என்றே பெயர் நிலைத்துவிட்டது. நோன்புக்காரர் யாராவது வந்தால் வேறு நாளைக்கு மாற்றச் சொல்லி நானே விரட்டுவேன். உதடு காய்ந்து வருகிறவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் குடிக்க வைப்பேன். அவர்களிடம் அன்பாகப் பேச எனக்கு வராது.

ஒரு காலை மச்சான் வந்தார். அன்று அவருக்குச் சோதனை நாள். கூண்டுக்காரர்கள் வருடா வருடம் கொடுக்க வேண்டும். என் கடைக்கு அவர் வந்ததே இல்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். வெயில் ஏறாத நேரம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு நாளா ஒரே வாயு, மாப்ள" என்று நெஞ்சைத் தடவினார். "ஏணி ஏறும்போது இங்ஙன புடிக்கி. இந்தக் கைக்கு வந்து, தாடை வரைக்கும் வலிக்கி. நேத்து கன்டெய்னரை அந்தரத்துல வச்சிக்கிட்டு அப்படியே கண்ணை மூடிட்டேன்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"வாயுவுக்கு எதுக்குவே டாக்டர்? சுவரு தாள் மாதிரி இருக்குன்னு போன வருசமே சொல்லியாச்சு. இதை முடிச்சிட்டுக் கூண்டுக்குப் போவணும். ஒரு காப்பி போடும்." அடுப்பைப் பார்த்தார். "பால் காப்பி வேண்டாம், நெஞ்சைக் கரிக்கி, ரெண்டு நாளா தொடல. சுக்குக் காப்பியா போடும். வாயுவுக்கும் ஆச்சு, டெஸ்டுக்கும் ஆச்சு."

என் கை கரண்டியோடு நின்றது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி. சுக்குக் காப்பியில் காப்பி என்பது பெயரில் மட்டும்தான் இருக்கிறது. இது அவருக்கும் தெரியும். ஆனால் காப்பி என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் காப்பி குடித்தாயிற்று என்று நினைக்கிற ஊர் இது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. பொடியைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆற்றி, அவர் கையில் கொடுத்தேன். அவர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து தெருவைக் கடந்தார். உள்ளே போய் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சத்தம் கொஞ்ச நேரத்தில் கேட்டது. தடிப்பு என்று அவர் காதில் சொன்னதும் மேசையைக் குத்தினாராம், குத்தின கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்தாராம். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தார்கள். மூன்று குழாயும் அடைப்பு. இன்னும் ஒரு தடவை அந்த ஏணியில் ஏறியிருந்தால் மேலேயே முடிந்திருக்கும் என்றார்கள், கீழே நிற்கிறவர்களையும் சேர்த்து.

ஊர் அதற்கப்புறம் என்னைக் கேலி செய்யக்கூட இல்லை. கேலிக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. கணிப்பு நிலையத்து வாசலில் மச்சானுடைய படத்தைப் பெரிதாக வைத்தார்கள். மெஷின் காப்பாற்றிய மனிதர். டாக்டர் மாதங்கி அவருக்கு மாலை போட்டார், எங்கள் கடையைப் பார்க்காமல். தடிப்பு வந்தவர்கள் முன்னெல்லாம் சண்டையாவது போட்டார்கள். இப்போது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மெஷினுக்கு நல்ல சாட்சி ஒன்று இல்லாமல் இருந்தது. ஒரு டம்ளர் சுக்குக் காப்பியில் அதை நான்தான் செய்து கொடுத்தேன்.

மழைக்காலம் முடிந்து மச்சான் தடியூன்றிக் கடைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அவரையும் இப்போது தடியன் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். கூண்டு யாரோ வெளியூர்க்காரனுக்குப் போய்விட்டது.

"இந்த மெஷின் மட்டும் இல்லேன்னா நான் மண்ணுக்குள்ள இருப்பேன். அதைப் போயி பொய்யின்னு சொன்னீரே, மாப்ள" என்றார். "காப்பியே தொடக் கூடாதுன்னுட்டாவ. சுக்குக் காப்பி குடிக்கலாமாம். அதுல காப்பித்தூள் கிடையாதுல்லா?"

"கிடையாது" என்றேன்.

ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. எதிரே தன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளருக்குள் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேட்டது..."

"சுக்குக் காப்பிதான்."

"ஒமக்குத் தெரியும்."

"தெரியும் மச்சான்."

"என்னைக் கூண்டுல இருந்து எறக்கத்தான குடுத்தீரு?"

ஆமாம் என்றால் பாதிப் பொய். இல்லை என்றாலும் பாதிப் பொய். அவர் அந்தரத்தில் கண்ணை மூடியதைச் சொன்னபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் நெஞ்சில் தையல் போட்ட இடத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு டம்ளரில் இருந்ததைச் சொட்டில்லாமல் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒமக்கு ரொம்பக் கொழுப்புவே, மாப்ள" என்றார்.